ஆற்றில் அழியா ரசாயனமா? முதல் பாட்டிலை நிரப்பும் முன்

கேள்வி: தேவகோட்டைக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. ஊருக்கு மேலே ஆற்றங்கரையில் ஒரு முலாம் பூசும் பட்டறையும், துணியில் தண்ணீர் ஒட்டாதபடி பூச்சுப் போடும் ஆலையும் இருக்கின்றன. இரண்டின் கழிவுநீரும் ஒரே ஓடை வழியாக ஆற்றில் விழுகிறது. அந்த ஆற்றிலிருந்துதான் வரத்துக்கால் பிரிந்து எங்கள் கண்மாய் நிறையும். கிணறுகளுக்கும் அதுதான் ஊற்று. 'சுத்திகரித்துத்தான் விடுகிறோம், பி.எச்., டி.டி.எஸ்., பி.ஓ.டி. எல்லாம் அளவுக்குள் இருக்கிறது' என்று ரிப்போர்ட் காட்டுகிறார்கள். 'அழியா ரசாயனம்' என்று செய்திகளில் வருகிறதே, அது இங்கே இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? ஊரில் வசூலித்த பணம் ஐந்து பாட்டில் சோதிக்கத்தான் காணும். எங்கள் ஆயா இந்த ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டித்தான் குடிநீர் எடுத்தார்.

பதில்: அவர்கள் காட்டும் ரிப்போர்ட் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் கேள்விக்கு அதில் பதில் கிடையாது. டி.டி.எஸ். என்பது கரைந்த உப்புகளின் மொத்தக் கணக்கு, லிட்டருக்கு மில்லிகிராமில். நீங்கள் தேடும் 'அழியா ரசாயனம்' என்பது ஃப்ளூரின் கலந்த பி.எஃப்.ஏ.எஸ். (PFAS) என்ற பெரிய குடும்பம். அவற்றை லிட்டருக்கு நானோகிராமில் அளக்க வேண்டும். ஒரு மில்லிகிராமில் பத்து லட்சம் நானோகிராம். உங்கள் ஊர் ஊருணியை வைத்தே கணக்குப் போடலாம். நூறு மீட்டர் நீளம், நூறு மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் ஆழம் என்றால் இரண்டு கோடி லிட்டர் தண்ணீர். அவ்வளவு தண்ணீரையும் அமெரிக்கா குடிநீருக்கு வைத்திருக்கும் வரம்புக்கு (லிட்டருக்கு 4 நானோகிராம்) கொண்டுபோக 80 மில்லிகிராம் போதும். ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவு. இந்த அளவு டி.டி.எஸ். மீட்டரின் கண்ணில் படவே படாது.

'சுத்திகரிக்கிறோம்' என்ற பேச்சையும் கொஞ்சம் பார்ப்போம். இந்த ரசாயனங்களில் கார்பனும் ஃப்ளூரினும் பிணைந்திருக்கும் பிணைப்பு மிக வலுவானது. சுத்திகரிப்புத் தொட்டியில் சாக்கடைக் கழிவைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்களால் அதை அறுக்க முடியாது. அதோடு, பூச்சுகளில் இருக்கும் பெரிய மூலக்கூறுகள் தொட்டிக்குள் பாதி உடைந்து, அதற்குமேல் உடையாத சிறிய பி.எஃப்.ஏ.எஸ். ஆக மாறும். அதனால் உள்ளே போகும் நீரைவிட வெளியே வரும் நீரில் இவை அதிகமாக அளக்கப்படுவது உண்டு. மீதி அடியில் தங்கும் சேற்றோடு போகும். அந்தச் சேறு எங்கே கொட்டப்படுகிறது என்று ஆலையிடம் கட்டாயம் கேளுங்கள். வயலுக்கு எருவாகப் போகிறதென்றால் அது தனிப் பிரச்சினை.

சரி, சோதனைக்கு வருவோம். பணத்தைச் செலவழிக்கும் முன் ஒரு வாரம் விசாரணைக்கு ஒதுக்குங்கள். என் அனுபவத்தில் பாதிச் சோதனைகள் வீணாவது இந்த ஒரு வாரத்தைத் தவிர்ப்பதால்தான்.

முலாம் பட்டறையில் எந்த முலாம் என்று கேளுங்கள். துத்தநாகமும் நிக்கலும் மட்டும் என்றால் சந்தேகம் குறைவு. குரோம் என்றால் கூடும். குரோமிக் அமிலத் தொட்டியில் மின்சாரம் பாயும்போது நச்சுத் தூவானம் கிளம்பும். அதை அடக்க ஊற்றும் திரவத்தில் பல ஆண்டுகளாக இருந்தது, பி.எஃப்.ஏ.எஸ். குடும்பத்தில் ஒன்றான பி.எஃப்.ஓ.எஸ். தொழிலாளியின் நுரையீரலைக் காக்கத்தான் அதைச் சேர்த்தார்கள். அது ஆற்றுக்கு வந்து சேர்ந்தது. இப்போது பல இடங்களில் அதற்குப் பதிலாக, அதே குடும்பத்தைச் சேர்ந்த 6:2 எஃப்.டி.எஸ். என்ற ஒன்று வருகிறது. முலாம் பூச்சு விஷயத்தில் நம் பக்கத்தில் விவரம் கேட்க ஆள் இல்லாமல் இல்லை. காரைக்குடியில் 1953-ல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தால் இந்தத் தொழிலை அறிந்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

துணி ஆலையில் பூச்சு ரசாயனத்தின் பாதுகாப்புத் தகவல் தாளைக் கேளுங்கள். 'ஃப்ளூரோ' என்ற சொல்லோ, 'சி8', 'சி6' என்ற குறியோ இருக்கிறதா பாருங்கள். சி8 என்றால் எட்டுக் கார்பன் சங்கிலி, பழைய வகை. அதை விட்டு சி6-க்கு மாறியதை முன்னேற்றமாகச் சொல்வார்கள். உடலில் தங்கும் காலம் பொதுவாகக் குறைவு என்பது சரிதான். ஆனால் சிறிய சங்கிலி மண்ணில் ஒட்டாமல் தண்ணீரோடு வேகமாக நகரும், கரி வடிகட்டியிலும் சீக்கிரம் தப்பிவிடும். ஊற்றை நம்பியிருக்கும் ஊருக்கு அது ஆறுதல் ஆகாது.

தாள் தர மறுத்தால், 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 25(6) உங்களுக்கு இருக்கிறது. ஆலைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் விதித்த நிபந்தனைகளின் பதிவேட்டை, பாதிக்கப்படும் எவரும் பார்க்கலாம். தகவல் உரிமைச் சட்டத்திலும் மனுப் போடலாம்.

இன்னொன்று. சந்தேகம் வந்துவிட்டால் ஊரில் எல்லாத் தொழிலையும் ஒரே கண்ணால் பார்க்கத் தொடங்குவோம். புதுவயல் அரிசி ஆலைகளின் ஊறல் தண்ணீர் நாறும், அது வேறு வகை மாசு. ஆத்தங்குடி ஓடு சிமெண்ட், மணல், வண்ணப்பொடியால் ஆனது. அங்கே இந்த ரசாயனத்துக்கு வேலையே இல்லை. அவர்களை இதில் இழுக்க வேண்டாம்.

ஐந்து பாட்டிலை இப்படிப் பிரியுங்கள். முதலாவது, ஓடை ஆற்றில் சேரும் இடத்துக்கு மேலே. இரண்டாவது, ஓடைத் தண்ணீர் ஆற்றில் விழும் இடத்தில், பொதுக் கரையில் நின்றே. ஆலை வளாகத்துக்குள் போகாதீர்கள். மூன்றாவது, இரண்டு தண்ணீரும் நன்றாகக் கலந்த பிறகு, உங்கள் வரத்துக்கால் பிரியும் இடத்தில். நான்காவது, ஆற்றுக்கு மிக அருகில் இருக்கும் குடிநீர்க் கிணறு. ஐந்தாவது, வெற்று மாதிரி: பி.எஃப்.ஏ.எஸ். இல்லாத தண்ணீரை ஆய்வகமே தரும், அதை ஆற்றங்கரையில் திறந்து மற்றொரு பாட்டிலில் ஊற்றி மூடி, மற்றவற்றோடு அனுப்புவது. பணம் குறைந்தால் மூன்றாவதை விடுங்கள். மேல் பாட்டிலையும் வெற்றுப் பாட்டிலையும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். மேலே இல்லாதது கீழே இருக்கிறது என்று காட்டினால்தான் ஓடையைக் கை நீட்ட முடியும்.

வெற்று மாதிரியை இவ்வளவு வற்புறுத்த எனக்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்துக் கிணற்றில் மாதிரி எடுத்தோம். எண் மிக அதிகமாக வந்தது. ஊரே அந்தக் கிணற்றை விட்டு, இரண்டு கிலோமீட்டர் நடந்து தண்ணீர் சுமந்தது. பிறகுதான் தெரிந்தது, மோட்டார் குழாயின் இணைப்பில் முந்தின நாள்தான் புது டெஃப்லான் டேப் சுற்றியிருந்தார்கள். டெஃப்லானும் ஃப்ளூரின் கலந்த பொருள்தான். வெற்று மாதிரியும் எடுத்திருக்கவில்லை. அந்த எண் கிணற்றுடையதா, டேப்புடையதா, எங்கள் கையுடையதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. தண்ணீர் சுமந்த பெண்களிடம் நான் சொல்ல வேண்டியிருந்த பதில் இன்றும் உறுத்துகிறது.

ஆகவே எடுக்கும் விதத்தில் கண்டிப்பாக இருங்கள். ஆய்வகம் தரும் பாலித்தீன் அல்லது பாலிபுரொப்பிலீன் பாட்டில் மட்டும். மூடிக்குள் டெஃப்லான் அட்டை இருக்கக் கூடாது. கண்ணாடிப் பாட்டில் வேண்டாம், சில சேர்மங்கள் அதன் சுவரில் ஒட்டிக்கொள்ளும். எடுப்பவர் பலமுறை துவைத்த பருத்தி வேட்டி சட்டையில் போகட்டும். மழைக்கோட்டு, புதுத்துணி, முகப்பூச்சு, வெயில் கிரீம் கூடாது. வழியில் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்ட கையோடு பாட்டிலைத் தொடாமல், ஒவ்வொரு பாட்டிலுக்கும் புது நைட்ரைல் கையுறை போடட்டும். முதலில் மேல் ஆறு, கடைசியில் ஓடை. தூய இடத்திலிருந்து அழுக்கு இடத்துக்கு. நுரையை அள்ளாதீர்கள். இந்தச் சேர்மங்கள் நுரையில் குவியும், எண் ஏறிவிடும்; மேற்பரப்புக்குக் கீழே பாட்டிலை அமிழ்த்தி எடுங்கள். துணியால் வடிகட்ட வேண்டாம். கிணற்றில் மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, பிறகு பிடியுங்கள். சாதாரண ஐஸ்கட்டிப் பெட்டியில் வைத்து உடனே அனுப்புங்கள்.

இனி காலம். மேற்கத்திய வழிகாட்டிகள் வருஷமெல்லாம் ஓடும் ஆற்றை நினைத்து எழுதப்பட்டவை. நம் மணிமுத்தாறும் தேனாறும் விருசுழியாறும் அப்படியல்ல. ஐப்பசி கார்த்திகையில் வெள்ளம் வந்தால் கழிவு கரைந்து காணாமல் போனதுபோல் தெரியும். மாசி பங்குனியில் மேலிருந்து சொட்டுத் தண்ணீர் வராது. அப்போது ஆற்றில் ஓடுவதே ஆலைக் கழிவுதான், அது மணலில் இறங்கி உங்கள் ஊற்றாகிறது. வருஷத்துக்கு ஒரு முறைதான் முடியும் என்றால் மாசியில் எடுங்கள். மேலே ஆறு வறண்டிருந்தால், முதல் பாட்டிலுக்கு ஓடைக்கு மேல்புறம் இருக்கும் ஒரு கிணற்றை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு முறை முடியுமானால், இன்னொன்று மழை தொடங்கி ஆற்றில் முதல் தண்ணீர் வரும் நாள். ஆலையில் தொட்டியைக் காலி செய்யும் நாள் எது என்று அங்கே வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும். ஓடையின் நிறமும் நுரையும் மாறும் நாளையும் நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்து வரச் சொல்லுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட இதைச் செய்யலாம். செலவில்லாத கண்காணிப்பு இது. பாட்டிலை எந்த நாளில் எடுப்பது என்பதை அந்த நோட்டுத்தான் சொல்லும்.

ஆய்வகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். அந்த அங்கீகாரப் பட்டியலில் பி.எஃப்.ஏ.எஸ். இருக்கிறதா என்று கேளுங்கள். கழிவுநீருக்கும் ஆற்று நீருக்கும் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் 1633 முறை பொருந்தும். அது 40 சேர்மங்களை அளக்கும். அதே முகமையின் 533, 537.1 என்ற முறைகள் இரண்டும் குடிநீருக்கானவை. முக்கியமான கேள்வி, எந்த அளவு வரை உங்களால் காண முடியும் என்பது. நூறு நானோகிராமுக்குக் கீழே காண முடியாத ஆய்வகம் 'கண்டறியப்படவில்லை' என்று எழுதினால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. ஒன்றிரண்டு நானோகிராம் வரை காண வேண்டும். உலகில் இந்த வகையில் ஆயிரக்கணக்கான சேர்மங்கள் இருப்பதால், ஓடைத் தண்ணீருக்கு மட்டும் மொத்தக் கரிம ஃப்ளூரின் சோதனையும் செய்ய முடிந்தால் நல்லது. நாற்பதின் கூட்டுத்தொகையைவிட மொத்தம் மிக அதிகம் என்றால், பட்டியலில் இல்லாத ஏதோ ஒன்று ஓடுகிறது.

எண்கள் வந்ததும் கூட்டுத்தொகையை மட்டும் பார்க்காமல் பெயர்களைப் பாருங்கள். பி.எஃப்.ஓ.எஸ்., 6:2 எஃப்.டி.எஸ். தூக்கலாக இருந்தால் முலாம் பட்டறைப் பக்கம் கை காட்டுகிறது. ஆறு கார்பன் கொண்ட பி.எஃப்.எச்.எக்ஸ்.ஏ. தூக்கலாக இருந்தால் சி6 துணிப்பூச்சாக இருக்க வாய்ப்பு, 6:2 எஃப்.டி.எஸ். உடைந்தும் அது வரலாம் என்பதால் இது ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். ஒப்பிட நம் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500-இல் இவற்றுக்கு வரம்பு இல்லை. அமெரிக்கா 2024-ல், பழைய சி8 வகையான பி.எஃப்.ஓ.ஏ.-வுக்கும் பி.எஃப்.ஓ.எஸ்.-க்கும் லிட்டருக்குத் தலா 4 நானோகிராம் என்று வரம்பு வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் இருபது சேர்மங்களின் கூட்டுத்தொகைக்கு 100 நானோகிராம் வைத்திருக்கிறது. அங்கே அதை 0.1 மைக்ரோகிராம் என்று எழுதுவார்கள், குழம்ப வேண்டாம். இவை குடிநீருக்கான எண்கள். உங்கள் கிணற்றை இவற்றோடு ஒப்பிடலாம், ஓடையை அல்ல. பி.எஃப்.ஓ.ஏ.-வை 2023-ல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்ற முதல் பிரிவில் சேர்த்தது. அதனால் 'நம் நாட்டில் வரம்பு இல்லையே' என்ற பதிலை ஏற்றுக்கொண்டு திரும்பி வராதீர்கள்.

நீங்கள் எடுத்த பாட்டில் நீதிமன்றத்தில் சாட்சியாகாது. முன்பு சொன்ன நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 21-இன்படி வாரிய அதிகாரி, ஆலைக்கு அறிவிப்புக் கொடுத்து, மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரை வைத்து எடுப்பதுதான் சாட்சி. உங்கள் எண்களின் வேலை, அந்த அதிகாரியை ஆற்றங்கரைக்கு வரவழைப்பது. மேல், கீழ், வெற்று மூன்றும் உள்ள ரிப்போர்ட்டை மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். ஒன்றும் நடக்கவில்லை என்றால், அறுபது நாள் முன்னறிவிப்புக் கொடுத்து நீங்களே புகார் தொடர பிரிவு 49 இடம் தருகிறது.

அடுத்த ஆண்டுப் பணத்தில் கண்மாயைச் சேருங்கள். கண்மாய் வற்றும்போது வண்டலை வயலுக்கு அள்ளுவோம், ஊரே இறங்கி மீன் பிடிப்போம். பி.எஃப்.ஓ.எஸ். மீனில் சேரும், வண்டலிலும் தங்கும். 1633 முறையிலேயே சேற்றையும் மீனையும் சோதிக்கலாம்.

அதுவரை குடிக்கும் தண்ணீருக்கு: கொதிக்க வைப்பதால் இது போகாது, தண்ணீர் சுண்டச் சுண்டச் செறிவு கூடும். தேற்றாங்கொட்டை கலங்கலைத் தெளிய வைக்கும், இதை எடுக்காது. ஆர்.ஓ. நன்றாகவே பிரிக்கும், ஆனால் பிரித்ததெல்லாம் கழிவுக் குழாயில் வரும், அந்தத் தண்ணீரை வீட்டுக் கீரைப் பாத்திக்கு விடாதீர்கள். ஆற்றை விட்டுத் தள்ளி, மேட்டில் இருக்கும் கிணறு ஏதாவது இருந்தால், குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இப்போதைக்கு அங்கிருந்து எடுங்கள். ரிப்போர்ட் வந்ததும் ஐந்து தாள்களையும் நோட்டின் நகலையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.