வெயிலில் சுருண்டு விழும் நாய்க்கு ஈரச் சாக்கு உதவுமா?

கேள்வி: நாங்கள் வேலூரில் வசிக்கிறோம். சென்ற வாரம் மின்தடையின்போது மாடி அறையில் இருந்த எங்கள் பக் நாய் கடுமையாக இரைத்து, கெட்டியான எச்சில் ஒழுக, கால் தடுமாறி விழுந்தது. ஈரச் சாக்கால் போர்த்தி, பாரசிட்டமால் கொடுக்கும்படி அக்கம்பக்கத்தினர் கூறினர். கால்நடை மருத்துவமனைக்குச் செல்ல முக்கால் மணி நேரமாகும். மீண்டும் இப்படி நேர்ந்தால் என்ன செய்வது?

பதில்: அவ்விரண்டு யோசனைகளையும் விட்டுவிடுங்கள். நாய்க்கு உள்ளங்கால்களைத் தவிர வேறெங்கும் பெரிதாக வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி இரைப்பதன் மூலமே அது உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு மூச்சுப் பாதையே குறுகலாக இருப்பதால் அந்த வழியும் அவற்றுக்குச் சரிவர உதவுவதில்லை. வழக்கமாக 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும் உடல் வெப்பம் 106-ஐத் தொடும்போது மூளை, சிறுநீரகம், குடல் என எதுவும் தப்புவதில்லை. இது காய்ச்சல் அன்று. ஆகவே பாரசிட்டமால் சூட்டைக் குறைக்காது, கல்லீரலைக் கெடுக்கவும் கூடும். (பூனைக்கோ ஒரே மாத்திரைகூட உயிருக்கு ஆபத்து.)

வண்டியைத் தேடுவதற்கு முன்பே நாயை நிழலுக்குக் கொண்டுவந்து, வயிறு, தொடையிடுக்கு, கால்கள் நனையும்படி தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றுங்கள். நண்பகலில் மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் கொதிக்கும் என்பதால், கையில் பட்டுப் பார்த்து, சூடாக இருந்தால் குடத்துத் தண்ணீரையோ கீழ்த்தொட்டித் தண்ணீரையோ பயன்படுத்துங்கள். கூடவே ஒருவர் விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். ஈரம் காற்றில் உலரும்போதுதான் உடற்சூடு இறங்குகிறது. மேலே போர்த்திய சாக்கு சில நிமிடங்களிலேயே சூடாகி, காற்றையும் தடுத்துவிடும். வேண்டுமானால் ஈரத் துணியை அடியில் விரிக்கலாம். நினைவோடு இருந்தால் சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுங்கள். வாயைப் பிளந்து ஊற்றினால் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும். ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பார்க்க முடிந்தால், 103-க்கு வந்ததும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிடுங்கள். இல்லையெனில் உடல் அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடும்.

அதன்பின், ஈர உடலோடு, ஏசி போட்டோ கண்ணாடிகளை இறக்கியோ மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். எழுந்து வாலாட்டினாலும் பயணத்தைக் கைவிடக் கூடாது. இரத்தம் உறையாமை, சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை அடுத்த இரண்டு மூன்று நாட்களில்கூடத் தலைகாட்டலாம். சென்ற வாரம் நேர்ந்ததற்கே இன்னும் மருத்துவரிடம் காட்டவில்லை என்றால், இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். கோடை முடியும்வரை அந்த மாடி அறையை அதற்குத் திறந்துவிட வேண்டாம்.