மே மாதத்து நீலக்குருவி

அன்புள்ள ஐயா,

மே மாத விடுமுறையில் குன்னூர் போயிருந்தோம். சிம்ஸ் பூங்காவில் ஒரு நீலக்குருவி கிளை நுனியிலிருந்து பாய்ந்து எதையோ பிடித்துக்கொண்டு, திரும்ப அதே கிளையில் வந்து உட்கார்ந்தது. மூன்று படங்கள் எடுத்தேன். மொபைல் செயலி 'வெர்டிட்டர்' ஈப்பிடிப்பான் என்கிறது, நண்பர் நீலகிரி ஈப்பிடிப்பான் என்று சாதிக்கிறார். யார் சொல்வது சரி?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர் சொன்னதுதான் சரி. மே மாதம் என்று படித்ததுமே எனக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. வெர்டிட்டர் இமயமலைப் பக்கம் கூடு கட்டுகிற பறவை, பனிக்காலத்துக்கு மட்டும் நம் மலைகளுக்கு வந்துவிட்டு வெயில் ஏறுமுன் கிளம்பிவிடும். நீலகிரி ஈப்பிடிப்பானோ மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது, வருஷம் முழுக்க சோலைக்காட்டு ஓரங்களில் இருக்கும். செயலி தேதியும் இடமும் கேட்டிருக்குமே, அதைக் கொடுக்காமல் விட்டீர்களோ?

நிறத்தை வைத்துச் சொல்லலாம்தான். வெர்டிட்டர் மயில்துத்தத்தைக் கரைத்துவிட்ட மாதிரி பச்சை கலந்த நீலம், தலை முதல் வால் வரை ஏறக்குறைய ஒரே சாயல். நீலகிரி ஆண் பறவை சொட்டு நீலத்தைத் தண்ணீர் கலக்காமல் பார்ப்பது போல் அடர்த்தியாக இருக்கும், நெற்றி மட்டும் கொஞ்சம் பளிச்சென்று. ஆனால் இறகில் நீலச் சாயம் என்று எதுவும் இல்லை, இறகின் நுண்ணமைப்பில் ஒளி சிதறித்தான் அந்த நீலம் தெரிகிறது, அதனால் நிழலில் இரண்டுமே கருநீலமாகி ஏமாற்றும். கண்ணுக்கு முன்னால் உள்ள கருப்பையும் நம்பாதீர்கள், இரண்டு ஆணுக்கும் அது உண்டு.

வாலைப் பாருங்கள். நீலகிரிக்கு வால் தொடங்கும் இடத்தில் இரண்டு பக்கமும் வெள்ளைத் திட்டு உண்டு, வெர்டிட்டருக்குக் கிடையாது. உங்கள் மூன்றாவது படம் மங்கல்தான், ஆனால் குருவி கிளையை விட்டு எழும்பும்போது வாலை விரித்திருக்கிறது, பெரிதாக்கினால் இரண்டு வெள்ளைப் பொட்டுகள் தெரிகின்றன. அழகான முதல் இரண்டு படங்களில் இது இல்லவே இல்லை!

எனக்கும் இது நடந்திருக்கிறது, தலைகீழாக. ஒரு ஜனவரியில் கோத்தகிரி பக்கம் மின்கம்பியில் உட்கார்ந்திருந்ததை நீலகிரி என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு, வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்தால் வாலில் ஒரு துளி வெள்ளை இல்லை. பனிக்காலத்தில் இரண்டும் ஒரே ஊரில் இருக்கும், அப்போது மாதம் உதவாது. பேனாவால் அடித்துத் திருத்தினேன்.

இணையத்தில் பறவைப் பட்டியல் எதிலாவது இதைப் பதிவேற்றுவதாக இருந்தால் அந்த மங்கலான படத்தையும் சேர்த்துப் போடுங்கள்.