மலையில் டென்ட், மண் ரோட்டில் குடும்பம்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: பொங்கல் லீவுக்கு மலையில் ஒரு ராத்திரி டென்ட் போட்டுத் தங்க வேண்டும் என்று பிள்ளைகள் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். ஆறு வயதுப் பையன், பதினொரு வயதுப் பெண், நாங்கள் இருவர், முழங்கால் வலியோடு என் மாமியார். ‘ஃபேமிலி ஆஃப்ரோடு பேக்கேஜ், எல்லா வயதினருக்கும் ஏற்றது’ என்று ஒரு டிராவல்ஸ்காரர் கொழுக்குமலையைச் சொல்கிறார். நம்பிப் பணம் கட்டலாமா? வேண்டாமென்றால் வேறு எந்த ரோடு?
(ஒரு வாசகி, மதுரை அண்ணா நகர்)

பதில்: மாமியாரும் வருவதாக இருந்தால் கொழுக்குமலை வேண்டாம். இடம் அழகுதான், அதில் சந்தேகமில்லை. தோட்டம் நம் தேனி மாவட்டத்தில் இருக்கிறது. ஜீப் ஏறும் ரோடோ கேரளப் பக்கம் சூரியநெல்லியிலிருந்து. சொந்த வண்டியை விடமாட்டார்கள், அங்குள்ள ஜீப்பில்தான் ஏற வேண்டும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஏன் அவ்வளவு நேரம் என்பது ஏறி உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிடும். ஜீப்பின் பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்சு, தலைக்கு மேல் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. ஒரு சக்கரம் பாறையில் ஏற, மறு சக்கரம் பள்ளத்தில் இறங்க, உள்ளே இருப்பவர்கள் சீட்டைவிட்டு எழும்பி எழும்பி விழுவார்கள். கம்பி எட்டாத பிள்ளையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். சூரிய உதயம் பார்ப்பதென்றால் இத்தனையும் விடிவதற்கு முன், இருட்டில், குளிரில். உங்கள் மகளுக்குக் கொண்டாட்டமாக இருக்கும். முழங்கால் வலி, முதுகு வலி உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. ‘எல்லா வயதினருக்கும்’ என்று போட்டவர் தன் அம்மாவை ஒரு தடவை அதில் ஏற்றிப் பார்த்திருக்கமாட்டார். அந்த விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று கீழே மூன்றாவது கேள்வியில் சொல்கிறேன்.

சரி, ரோட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது? தங்குமிடத்துக்காரரிடம் ‘ரோடு எப்படி?’ என்று கேட்காதீர்கள். ‘சூப்பரா இருக்கும் சார்’ என்றுதான் பதில் வரும். ‘தினமும் அந்த ரோட்டில் என்ன வண்டி போகிறது?’ என்று கேளுங்கள். பால் வண்டி, ஸ்கூல் வேன், காய்கறி ஏற்றும் பிக்அப் தினமும் போய்வருகிறது என்றால் உங்கள் குடும்பமும் போகலாம். ஜீப்பும் டிராக்டரும் மட்டும்தான் என்றால் ஆண்கள் மட்டும் போகும் டிரிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். சிறுமலையில் சில தோட்டங்களுக்குக் குதிரை முதுகில்தான் சுமை போய்வருகிறது. அப்படிப்பட்ட பாதை படத்தில் எவ்வளவு அழகாக இருந்தாலும் காருக்கு இல்லை.

அடுத்து, தூரத்தைக் கேட்காமல் நேரத்தைக் கேளுங்கள். தார் ரோட்டை விட்டு இறங்கியபின் அரை மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். சின்னப் பிள்ளைக்கு வாந்தி வருவதும் பெரியவர்களுக்கு இடுப்பு பிடிப்பதும் அதற்கு அப்புறம்தான். நடுவில் வண்டியைத் திருப்ப இடம் இருக்கிறதா என்பதை நான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக நினைக்கிறேன். ஒரு பக்கம் மண் சுவர், மறுபக்கம் பள்ளம், எதிரே கல் ஏற்றிய டிராக்டர் என்று மாட்டிக்கொண்டால் பல நூறு மீட்டர் ரிவர்ஸில் வர வேண்டியிருக்கும். வழியில் ஓடையைக் கடக்க வேண்டுமா என்றும் கேளுங்கள். மாலையில் மேலே மழை பெய்தால் காலையில் கணுக்காலளவு இருந்த தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிடும், நீங்கள் அந்தப் பக்கம் மாட்டிக்கொள்வீர்கள்.

உங்களுக்கு என் முதல் சிபாரிசு சிறுமலை. திண்டுக்கல்–நத்தம் ரோட்டிலிருந்து பிரிந்து பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஊர் வந்துவிடும். முழுக்கத் தார் ரோடு. மேலே பழையூர், புதூர் பக்கம் தோட்டங்களுக்குள் போகும் மண் ரோடு கொஞ்ச தூரம் கிடைக்கும்; பிள்ளைகளுக்கு அந்தக் குலுக்கலே போதும். கொடைக்கானல் அளவுக்குக் குளிர் இருக்காது, அவசரம் என்றால் திண்டுக்கல் ஆஸ்பத்திரிகள் ஒரு மணி நேரத்தில். காட்டு மாடு உண்டு, அதனால் இருட்டியபின் டென்டைவிட்டுத் தள்ளிப் போகக்கூடாது.

இரண்டாவது தாண்டிக்குடி. வத்தலக்குண்டிலிருந்து மேலே ஏறினால் காபி, மிளகுத் தோட்டங்கள். பட்டா நிலத்திலேயே தங்குமிடம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள், உள்ளே போகும் எஸ்டேட் ரோடும் நம் கணக்குக்குச் சரியாக வரும். கீழ்ப்பழனி மலையில் யானை நடமாட்டம் உள்ள ஊர்கள் இருக்கின்றன. புக் செய்வதற்கு முன் ‘இந்த வாரம் யானை வந்ததா?’ என்று கேட்டுவிடுங்கள். தங்குமிடத்துக்காரரிடம் அல்ல, பக்கத்து டீக்கடையில்.

மேகமலையைப் பலரும் சொல்வார்கள். சின்னமனூரிலிருந்து ஏறும் பதினெட்டு வளைவுகளுக்கும் பூக்களின் பெயர் வைத்திருக்கிறார்கள், பிள்ளைகள் வாசித்துக்கொண்டே வருவார்கள். ஆனால் 2021 முதல் அது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம். செக்போஸ்ட்டில் இரவில் விடமாட்டார்கள். அங்கே டென்ட் ஆசையை விட்டுவிட்டு அறை எடுத்துத் தங்குவதுதான் சரி.

கேள்வி: எங்களிடம் ஒரு சின்ன கார் இருக்கிறது. மலை டிரிப்புக்கு அது ஆகாது, ஃபோர் வீல் டிரைவ் வாங்கு, இல்லையென்றால் தெரிந்தவரிடம் மஹிந்திரா ‘தார்’ ஜீப் வாடகைக்கு எடு என்கிறார் மச்சான். அவ்வளவு அவசியமா?
(ஒரு வாசகர், உசிலம்பட்டி)

பதில்: முதல் பதிலில் சொன்ன பால் வண்டி ரோட்டுக்கு அவசியமே இல்லை. வருஷத்துக்கு இரண்டு தடவை மலை ஏறுவதற்காகப் பல லட்சம் கூடுதலாகப் போடுவது எனக்கு வீண்செலவாகத்தான் படுகிறது.

நாலு சக்கரமும் இழுப்பதைவிட வண்டியின் அடி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதுதான் நம்மூர் மண் ரோட்டில் முதலில் உதவும். சின்னக் கார்களின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 160-லிருந்து 170 மில்லிமீட்டர் வரை. மாருதி ஜிம்னி ஜீப்புக்கு 210, மச்சான் சொல்லும் ‘தார்’ ஜீப்புக்கு 226. ஆனால் இந்தக் கணக்கு காலி வண்டிக்கு. ஐந்து பேரும் டிக்கி நிறையச் சாமானும் ஏறினால் வண்டி இன்னும் தாழும். அதனால் நடுவில் புல் மேடும் இரண்டு பக்கமும் சக்கரத் தடமும் உள்ள ரோட்டில் சின்னக் காரின் அடி தட்டும். அந்த இடத்தில் ஆட்களை இறக்கி நடக்கவிட்டு, ஒரு சக்கரத்தை மேட்டின்மேல் ஏற்றி ஓட்ட வேண்டும். இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் முதல் அல்லது இரண்டாவது கியரில் விடுங்கள். ஏறி வருகிற வண்டிக்குத்தான் வழி. இறங்குகிறவர் நின்று கொடுக்க வேண்டும்.

தெரிந்தவரிடம் வாடகைக்கு எடுப்பதில்தான் வில்லங்கம். வெள்ளை போர்டு வண்டியைக் காசு வாங்கிக்கொண்டு கொடுப்பது சட்டப்படி தப்பு. ஏதாவது ஆனால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரித்துவிடும், அப்புறம் மச்சான் ஒரு பக்கம், வண்டிக்காரர் ஒரு பக்கம். செல்ஃப் டிரைவ் வாடகைக்கு உரிமம் பெற்ற வண்டியின் நம்பர் பிளேட் கறுப்பு, எழுத்து மஞ்சள். அதை எடுத்தாலும் ஒப்பந்தத்தில் ‘ஆஃப்ரோடு கூடாது’ என்ற வரி இருக்கிறதா என்று படியுங்கள், பல ஒப்பந்தங்களில் இருக்கும். எடுக்கும்போதே வண்டியின் அடிப்பாகம் வரை வீடியோ எடுத்துவிடுங்கள்.

சொந்தக் காரில் போகிறவர்களுக்கும் ஒன்று. ஓடையில் இறக்கி இன்ஜினுக்குள் தண்ணீர் போனால் சாதாரண பாலிசியில் பணம் கிடைக்காது. இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாக ஒரு கூடுதல் கவர் விற்கிறார்கள், அதைச் சேர்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீரில் இறங்கவே இறங்காதீர்கள்.

கேள்வி: இன்ஸ்டாகிராமில் பார்த்து ஒரு டென்ட் கேம்ப்புக்கு 12,000 ரூபாய் அட்வான்ஸ் அனுப்பினோம். போனால் அனுமதியில்லாத இடம் என்று அதிகாரிகள் பூட்டிவிட்டார்களாம், கேட் சாத்தியிருந்தது. ‘அட்வான்ஸ் திரும்பக் கிடையாது என்று முதலிலேயே போட்டிருந்தோமே’ என்கிறார். விட்டுவிட வேண்டியதுதானா?
(ஒரு வாசகர், மேலூர்)

பதில்: விடக்கூடாது. நீங்கள் மனசு மாறி ரத்து செய்திருந்தால் அந்த வரியைக் காட்டி அவர் பேசலாம். இங்கே சேவையைத் தராதது அவர். அனுமதியில்லாமல் நடத்திய இடத்துக்கு அட்வான்ஸ் வாங்கியது 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு, முறையற்ற வணிகமும்கூட.

முதலில் வாட்ஸ்அப் உரையாடல், ஜிபே ரசீது, விளம்பரம், பூட்டிய கேட்டின் படம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தைத்தான் முதலில் அழிப்பார்கள், அதனால் இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு 15 நாள் கெடு கொடுத்து, பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார். பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே ‘பாதியை வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று போன் வரும். வாங்காதீர்கள். மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கேம்ப் வேறு மாவட்டத்தில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டம் என்பதால் மதுரையிலேயே போடலாம். 5 லட்ச ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். சம்பவம் நடந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் செய்ய வேண்டும்.

இனி பணம் அனுப்புவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: நிலம் பட்டாவா, தங்குமிடம் நடத்த உரிமம் எங்கே? உரிமத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் நேர்மையானவர் உடனே அனுப்புவார். ‘காட்டுக்குள்ளேயே டென்ட்’ என்று பெருமையாக விளம்பரம் செய்கிறார் என்றால் இரண்டில் ஒன்று: பொய் சொல்கிறார், இல்லை சட்டத்தை மீறுகிறார்.

கேள்வி: கூகுள் மேப்பில் காட்டுக்குள் மண் ரோடு தெரிகிறதே, அதில் ஓட்டிப் போகலாமா?
(ஒரு மாணவர், திருமங்கலம்)

பதில்: கூடாது, தம்பி. மேப்பில் கோடு இருந்தால் வழி இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம், அனுமதி இருக்கிறது என்று அல்ல. கொடைக்கானலிலிருந்து பேரிஜம் வழியாக மூணாறுக்கு ஒரு காலத்தில் ரோடு இருந்தது. அது பொது வண்டிகளுக்கு மூடப்பட்டுப் பல வருடம் ஆகிறது. பேரிஜம் ஏரிக்கே வனத்துறை அனுமதிச் சீட்டு வாங்கித்தான் போக முடியும், இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும்.

2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தது நினைவிருக்கும். அதன் பிறகுதான் மலையேற்ற விதிகள் இறுகின. காட்டுக்குள் போயே ஆக வேண்டும் என்றால் 2024-ல் அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் பதிந்து, வழிகாட்டியோடு நடந்து போகலாம். எளிது, நடுத்தரம், கடினம் என்று பாதைகளைப் பிரித்திருக்கிறார்கள். குடும்பம் என்றால் எளிதானதில் தொடங்குங்கள். பிப்ரவரி பாதியிலிருந்து ஏப்ரல் பாதிவரை தீக்காலம், பாதைகளை மூடிவிடுவார்கள்.

கேள்வி: கொடைக்கானல் வழியாகப் பூம்பாறை, மன்னவனூர் போகிறோம். இ-பாஸ் வேண்டுமா?
(ஒரு வாசகி, வாடிப்பட்டி)

பதில்: வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே முதல் அமலில் இருக்கிறது. ஆன்லைனில் இலவசம், எடுத்துத் தருகிறேன் என்று காசு கேட்பவரிடம் கொடுக்காதீர்கள். சீசனிலும் வார இறுதியிலும் வண்டிக் கணக்குக்கு வரம்பு உண்டு, கடைசி நாள்வரை காத்திருக்க வேண்டாம். அரசு பஸ்ஸில் போனால் தேவையில்லை. 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுபோனால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டிலும் ஒரு கேனும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ‘நாலு பேர் டென்ட்’ 3,000 ரூபாய்க்கு ஆன்லைனில் வருகிறது. வாங்கலாமா?
(ஒரு வாசகர், அவனியாபுரம்)

பதில்: ‘நாலு பேர்’ என்பது நாலு பேர் தோளோடு தோள் ஒட்டிப் படுக்கிற கணக்கு, பைகள் வெளியே. இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளை என்றால் சரியாக இருக்கும். நாலு பெரியவருக்கு ஆறு பேர் டென்ட் வேண்டும்.

விலையைவிட, மேல்துணி தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒற்றைத் துணி டென்டில் மூச்சுக்காற்றே பனித்துளியாகி, விடியற்காலையில் முகத்தில் சொட்டும். தண்ணீர் தாங்கும் அளவு குறைந்தது 2,000 மில்லிமீட்டர் என்று போட்டிருக்க வேண்டும். வந்த அன்றே மொட்டைமாடியில் விரித்து, பத்து நிமிடம் ஹோஸால் தண்ணீர் அடித்துப் பாருங்கள். தையலில் கசிந்தால் ரிட்டர்ன் தேதி முடிவதற்குள் திருப்பிவிடலாம். தண்ணீர் அடிப்பதையும் வீடியோ எடுங்கள், ‘நீங்கள்தான் கிழித்தீர்கள்’ என்று சொல்ல முடியாது.

ஸ்லீப்பிங் பேக்கில் ஒன்றுக்கு மேற்பட்ட வெப்பநிலை போட்டிருப்பார்கள். பெரிதாக அச்சடித்திருப்பது பல நேரம் உயிர் பிழைக்கிற அளவு, அதை நம்பாதீர்கள். சின்ன எழுத்தில் ‘கம்ஃபர்ட்’ என்று இருப்பதைப் பாருங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் குறையும். ஜனவரியில் மதுரையில் ராத்திரி 20 டிகிரி இருக்கும்போது கொடைக்கானலில் பத்துக்குக் கீழே போகும்.

இன்னொன்று, குளிருகிறது என்று கரி அடுப்பையோ பார்பிக்யூவையோ டென்டுக்குள், அறைக்குள் கொண்டுபோகவே கூடாது. புகை அடங்கிய கரியிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும், வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். கொடைக்கானலில் அப்படி இறந்தவர்கள் இருக்கிறார்கள். இன்னொரு கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள்.

வருஷத்துக்கு ஒரு ராத்திரிதான் என்றால் டென்ட் வாங்கவே வேண்டாம், தங்குமிடத்துக்காரரிடமே டென்ட் இருக்கும். அதன் படத்தை, விரித்து நிறுத்திய நிலையில், முன்கூட்டியே அனுப்பச் சொல்லுங்கள்.