கணினி கேள்வி பதில்: தொடங்க எந்த லினக்ஸ்?

கேள்வி: 2017இல் வாங்கிய மடிக்கணினி. இன்டெல் ஐ5 ஏழாம் தலைமுறை, 8 ஜிபி ரேம். விண்டோஸ் 11 ஏற மறுக்கிறது. விண்டோஸுக்கு மாற்றான இயங்குதளம் லினக்ஸைப் போடலாம் என்றால் உபுண்டு, மின்ட், ஃபெடோரா, ஆர்ச் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதில் தொடங்குவது?
– வாசகர், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: லினக்ஸ் மின்ட், சின்னமன் பதிப்பு. தயங்காமல் இதில் தொடங்குங்கள். உங்கள் கணினியில் கோளாறு எதுவும் இல்லை. விண்டோஸ் 11 பொதுவாக இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழ் ஏற்பதில்லை, அவ்வளவுதான். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்துவிட்டது.

மின்ட் 22 வரிசை உபுண்டு 24.04ஐ அடித்தளமாகக் கொண்டது. 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வரும். திரையின் கீழே பட்டை, இடது மூலையில் மெனு என்று விண்டோஸில் பழகிய கைக்கு எல்லாம் எதிர்பார்த்த இடத்திலேயே இருக்கும். உபுண்டுவும் நல்லதுதான். ஆனால் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) என்று குறித்த பதிப்பை மட்டும் எடுங்கள்; இடையில் வருபவற்றுக்கு ஒன்பது மாதமே ஆதரவு. ஃபெடோராவின் ஒவ்வொரு பதிப்பும் ஏறக்குறைய 13 மாதங்களில் காலாவதியாகும். ஆர்ச்சில் எல்லாவற்றையும் நீங்களே கூட்டிச் சேர்க்கவேண்டும். அதைப் பிறகு பார்க்கலாம்.

ரேம் 4 ஜிபிதான் என்றால் மின்ட்டின் இன்னும் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. உள்ளே இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால், முதலில் அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (சுழலும் பாகமில்லாத சேமிப்பகம்) போடுங்கள். எந்த லினக்ஸ் வகையும் தராத வேகத்தை அது தரும். கணினிக் கடைகள் உள்ள சிம் லிம் ஸ்குவேருக்குப் போகும் முன் உங்கள் மாடலுக்குத் தேவை 2.5 அங்குல சாட்டா வகை எஸ்எஸ்டியா, எம்.2 வகையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயரைவிட முக்கியம், நிறுவும் முன் ஓட்டிப் பார்ப்பது. 8 ஜிபி தம்ப் டிரைவ் ஒன்று போதும்; அதில் உள்ளவை அழிந்துவிடும். ஐஎஸ்ஓ எனும் நிறுவல் கோப்பை மின்ட் தளத்திலிருந்து இறக்கி, ரூஃபஸ் மென்பொருளால் தம்ப் டிரைவில் எழுதுங்கள். எழுதும் முன் ரூஃபஸில் உள்ள ‘சரி’ (✓) குறியை அழுத்தினால் எஸ்எச்ஏ256 என்ற சரிபார்ப்பு எண் தெரியும். தளத்தில் தந்துள்ள எண்ணோடு அது பொருந்தவேண்டும். நிறுவல் பாதியில் நிற்பதற்கு அரைகுறையாக இறங்கிய கோப்பு ஒரு முக்கியக் காரணம்.

கணினியை இயக்கும்போது டெல், லெனோவோ என்றால் பெரும்பாலும் எஃப்12, எச்பி என்றால் எஃப்9 அழுத்தி தம்ப் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். இப்போது மின்ட் ஓடும். டிஸ்க்கில் எதுவும் மாறாது. அரை மணி நேரம் உட்கார்ந்து வைஃபை, ஒலி, கேமரா, டச்பேட், வெளிச்சம் கூட்டும் விசை, பிரிண்டர் எல்லாவற்றையும் சோதியுங்கள். மூடியை மூடித் திறந்து, உறக்கத்திலிருந்து ஒழுங்காக எழுகிறதா என்றும் பாருங்கள். பலரும் விட்டுவிடும் சோதனை இது. தம்ப் டிரைவில் ஓடுவதால் மெதுவாகத்தான் இருக்கும். வேகத்தை வைத்து முடிவுசெய்யாதீர்கள். வைஃபை வரவில்லையென்றால் கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து டெதரிங் போட்டு (கைப்பேசியின் இணையத்தைக் கணினிக்குத் தந்து), டிரைவர் மேனேஜரைத் திறந்தால் தேவையான டிரைவரை (வன்பொருளை இயக்கும் மென்பொருளை) அதுவே காட்டும்.

என்விடியா கிராஃபிக்ஸ் அட்டை உள்ள கணினியில் திரை கறுத்து நின்றால், தொடக்க மெனுவில் ‘கம்பேட்டபிலிட்டி மோட்’ வரியைத் தேர்ந்தெடுங்கள். நிறுவிய பின் என்விடியா டிரைவரைப் போடும்போது செக்யூர் பூட் (கையொப்பமில்லாத மென்பொருளைத் தொடக்கத்தில் தடுக்கும் பாதுகாப்பு) இயக்கத்தில் இருந்தால் ஒரு கடவுச்சொல் கேட்கும். மறுதொடக்கத்தில் வரும் நீலத் திரையில் ‘என்ரோல் மோக்’ (Enroll MOK) தேர்ந்து அதே சொல்லைத் தரவேண்டும். அந்தத் திரையைத் தாண்டிவிட்டால் டிரைவர் ஏறாது.

கேள்வி: விண்டோஸையும் வைத்துக்கொண்டு லினக்ஸ் போடலாமா?
– வாசகி, பிடோக்

பதில்: போடலாம். படங்களையும் ஆவணங்களையும் வெளி டிஸ்க்கில் பிரதி எடுத்துவிட்டு, பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதிவையுங்கள். விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’பை நிறுத்தி, அதன் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே 50 ஜிபியாவது சுருக்கி ஒதுக்குங்கள். நிறுவியின் கண்ணுக்கு டிஸ்க்கே தெரியவில்லையென்றால் பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) இன்டெல் ஆர்எஸ்டி என்ற டிஸ்க் முறை இருக்கும். அதைச் சட்டென்று ஏஎச்சிஐ என்ற பொது முறைக்கு மாற்றினால் விண்டோஸ் திறக்காமல் போகலாம். முதலில் விண்டோஸை சேஃப் மோடில் தொடங்குமாறு அமைத்துவிட்டு மாற்றுங்கள்.

விண்டோஸ் கடிகாரம் எட்டு மணி நேரம் பின்தங்கினால் பயப்படவேண்டாம். லினக்ஸ் கணினிக் கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கிறது, விண்டோஸ் அதைச் சிங்கப்பூர் நேரமாகப் படிக்கிறது. உள்ளூர் நேரத்தையே வைக்கும்படி லினக்ஸை மாற்றிவிட்டால் சரியாகிவிடும்.

கேள்வி: மகனின் பள்ளி மடிக்கணினியிலும் போடலாமா?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: வேண்டாம். உயர்நிலைப் பள்ளி பிஎல்டி (மாணவருக்கான தனிக் கற்றல் சாதனம்) கணினிகளில் பள்ளி நிர்வகிக்கும் மென்பொருள் இருக்கும். டிஸ்க்கை அழித்தால் அதுவும் போய்விடும். வீட்டில் கிடக்கும் பழைய கணினியைக் கொடுங்கள்.

கேள்வி: மின்ட்டில் தமிழ்99 தட்டச்சு முடியுமா?
– வாசகி, தெம்பனிஸ்

பதில்: நன்றாகவே முடியும், சரியானதைத் தேர்ந்தெடுத்தால். விசைப்பலகைப் பட்டியலில் உள்ள ‘தமிழ்நெட் 99’ ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்ற கணக்கில் இயங்குவது. மெய்யெழுத்துப் புள்ளி தானாக விழாது. ‘டேப்’ குறியேற்றம் என்று போட்டிருப்பதைத் தொடவே வேண்டாம். அது யூனிகோடு அல்லாத பழைய குறியேற்றம். மென்பொருள் மேலாளரில் ‘ஐபஸ்-எம்17என்’ (ibus-m17n) என்ற தட்டச்சுக் கருவியை நிறுவி, இன்புட் மெத்தட் அமைப்பில் ஐபஸ்ஸைத் தேர்ந்து, வெளியேறி மீண்டும் உள்ளே வாருங்கள். பிறகு ஐபஸ் அமைப்பில் தமிழின் கீழ் ‘தமிழ்99’ஐச் சேருங்கள். அ, ம, ம, ஆ என்று தட்டி ‘அம்மா’ வந்தால் எல்லாம் சரி.