ஜன்னல் கைப்பிடி உடைந்தால் முழு ஜன்னலையே மாற்ற வேண்டுமா?

மும்பையில் வாடகை வீடு, படுக்கையறை ஜன்னலின் கைப்பிடி உடைந்து கையோடு வந்துவிட்டது, பார்க்க வந்த ஆள் முழு ஜன்னலையும் மாற்றச் சொல்கிறார், நாமே கைப்பிடியை மட்டும் மாற்ற முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். நான் மாற்றியிருக்கிறேன். ஐம்பத்திரண்டு வயதில், அதற்கு முன்னால் ஒரு ஆணி கூட அடித்துப் பழக்கமில்லாத நான் மாற்றினேன். உங்களுடையது வெளிப்பக்கமாகத் திறக்கும் யுபிவிசி ஜன்னல், அதாவது கெட்டிப் பிளாஸ்டிக் சட்டம் போட்டது, என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். சறுக்கும் ஜன்னலாக இருந்தால் இதில் பாதி பொருந்தாது.

முறையைச் சொல்வதற்கு முன் இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. உடைந்த கைப்பிடியின் கழுத்து, ஜன்னலில் இருக்கும் தட்டிலிருந்து கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் கட்டிங் பிளேயரால் இறுக்கிப் பிடித்துத் திருப்பினால் ஜன்னல் பூட்டிக்கொள்ளும். பிடிக்க முடியாத அளவுக்குக் கட்டையாக இருந்தால், தட்டைக் கழற்றுங்கள், அதோடு வரும் சதுரக் கம்பியின் முனையைப் பழைய துளையில் செருகி, கம்பியைப் பிளேயரால் பிடித்துத் திருப்புங்கள். மழைக்காலத்தில் புதுக் கைப்பிடி வாங்கும் வரை பூட்டாமல் விடாதீர்கள். கயிறு போட்டுக் கட்டிவைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். நான் அப்படி நினைத்தேன்.

எங்கள் வீடும் மும்பையில்தான், செம்பூரில், ஏழாவது மாடி. 2021 மே மாத ஆரம்பத்தில் ஒரு நாள் சாயங்காலம் படுக்கையறை ஜன்னலைச் சாத்தி, கைப்பிடியைக் கீழே திருப்பும்போது மடக்கென்று முறிந்தது. பல மாதமாகவே அது இறுக்கமாகத்தான் இருந்தது. இரண்டு கையாலும் அழுத்தித் திருப்புவது பழகிவிட்டிருந்தது. ஊரடங்கு நேரம், அத்தியாவசியக் கடைகளைத் தவிர மற்றதெல்லாம் அடைப்பு. பழைய வேட்டியைக் கிழித்து, உடைந்த கழுத்தில் முடிச்சுப் போட்டு, கட்டில் காலில் இழுத்துக் கட்டினேன். இரண்டு வாரம் அப்படியே ஓடியது.

மே 17, திங்கட்கிழமை, டவ்தே புயல் மும்பைக் கடலை ஒட்டிப் போனது. விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். கொலாபாவில் மணிக்கு 114 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசியதாகப் பிறகு செய்தியில் சொன்னார்கள். என் கணவர் ஆஸ்பத்திரி மருந்துப் பிரிவில் வேலை, அந்த நேரத்தில் லீவு என்ற பேச்சே கிடையாது. வீட்டில் நானும் அத்தையும் மட்டும். அத்தைக்கு அப்போது 81 வயது, வாக்கர் இல்லாமல் எழுந்து நிற்க மாட்டார்கள். அவர்கள் கட்டில் அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில்தான்.

மத்தியானம் முடிச்சு அவிழ்ந்தது. ஜன்னல் வெளியே பறந்து சுவரில் மோதியது. கண்ணாடி உடையவில்லை, ஆனால் ஒவ்வொரு வீச்சுக்கும் மோதிக்கொண்டே இருந்தது. மழை நேராகக் கட்டிலில் கொட்டியது. எங்கள் கட்டடத்தில் ஜன்னலுக்கு வெளியே கிரில் போட அனுமதி இல்லை. நான் யோசிக்கவே இல்லை. ஜன்னல் திட்டில் வயிற்றை வைத்து, பாதி உடம்பை வெளியே நீட்டி ஜன்னல் கதவின் ஓரத்தைப் பிடித்துவிட்டேன். பிடித்த பிறகுதான் கீழே பார்த்தேன். அந்த நொடியில் பின்னாலிருந்து யாரோ என் இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள். அத்தை. வாக்கர் இல்லாமல், நனைந்த கட்டிலிலிருந்து அவர்களே எழுந்து வந்திருக்கிறார்கள். "விடுடி, போனாப் போகுது ஜன்னல்" என்று கத்தினார்கள். இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

ஒருவழியாக இழுத்துச் சாத்திவிட்டேன். ஆனால் பூட்ட முடியாது. காற்று வெளியே இழுக்க, நான் அந்த முறிந்த கழுத்தை விரலால் பிடித்து உள்ளே இழுக்க, அரை மணி நேரத்துக்கு மேல் அப்படியே நின்றேன். சத்தம் கேட்டு எதிர் வீட்டு மராத்தி தாயி (அக்கா) ஓடி வந்தார். பார்த்தவுடன் அவர் கேட்டது, "பக்கட் இருக்கா?" பக்கட் என்றால் நம் கட்டிங் பிளேயர். எங்கள் சமையலறை டிராயரிலேயே இருந்தது, கேஸ் டியூப் மாற்றியபோது வாங்கியது. அவர் கழுத்தைப் பிடித்து ஒரு திருப்பு திருப்பினார். டக்கென்று பூட்டிக்கொண்டது. இரண்டு வாரம் வீட்டிலேயே இருந்த பொருள். அத்தைக்கு அதன் பிறகு நான்கு நாள் காய்ச்சல். அந்தக் காலத்தில் வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் என்ன பாடு பட்டிருப்போம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஜூன் மாதம் ஜன்னல் வேலைக்கு ஒருவரைக் கூப்பிட்டோம். இரண்டு நிமிடம் பார்த்தார். "இந்த மாடல் இப்போது வருவதில்லை, முழுதாக மாற்ற வேண்டும், பதினாறாயிரத்து ஐந்நூறு" என்றார். உங்களிடம் சொன்ன அதே வார்த்தை. அவர் தட்டைக் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு உறைத்தது. வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். கைப்பிடி வாங்க நானே கடைத்தெருவுக்குப் போகலாமென்றால், லோக்கல் ரயிலில் பொதுமக்களை ஆகஸ்ட் 15 வரை ஏற்றவில்லை. அதன் பிறகும் இரண்டு தடுப்பூசி போட்டவர்களை மட்டும்தான். ஆக ஜூன், ஜூலை இரண்டு மாத மழையும் எங்கள் ஜன்னலுக்கு அந்தப் பிளேயர்தான் கைப்பிடி.

ரயில் விட்டதும் ஹார்பர் லைனில் மஸ்ஜித் போய் இறங்கி, நாக்தேவி தெருவுக்கு நடந்தேன். இரும்புச் சாமான், ஸ்க்ரூ, கருவி என்று மும்பையில் எது வேண்டுமானாலும் அந்தத் தெருவில் தேடலாம். நான் முறிந்த பிடியை மட்டும் எடுத்துப் போயிருந்தேன். கடைக்காரர் வாங்கிப் பார்த்துவிட்டு, விற்க மாட்டேன் என்றார். "தட்டோடு, கம்பியோடு கொண்டு வாங்க, இதை வைத்துக் கொடுத்தால் நாளைக்குத் திருப்பி எடுத்து வருவீங்க." கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னது சரி. இரண்டாவது தடவை எல்லாவற்றையும் கழற்றி எடுத்துப் போனேன்.

அவர் வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து காட்டிய மூன்று அளவுகளைத்தான் நீங்களும் எடுக்க வேண்டும். சதுரக் கம்பியின் தடிமன், என்னுடையது 7 மில்லிமீட்டர். இரண்டு ஸ்க்ரூ ஓட்டைகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம், 43 மில்லிமீட்டர். யுபிவிசி ஜன்னல்களில் பெரும்பாலும் இந்த இரண்டும் இதே அளவுதான், அதனால்தான் "மாடல் வருவதில்லை" என்ற பேச்சை நான் நம்புவதில்லை. மூன்றாவது, தட்டின் அடியிலிருந்து கம்பி எவ்வளவு நீளம் வெளியே நிற்கிறது என்பது. இதில்தான் ஏமாறுவார்கள். குட்டையாக இருந்தால் உள்ளே இருக்கும் பூட்டில் சரியாகப் பிடிக்காது. நீளமாக இருந்தால் தட்டு சட்டத்தில் படியாது, ஆனால் ஆக்ஸா பிளேடால் அறுத்துக்கொள்ளலாம். சந்தேகமாக இருந்தால் நீளமானதையே வாங்குங்கள். நான் கொடுத்தது 380 ரூபாய்.

மாற்றுவது சுலபம். கைப்பிடியை, அல்லது அதன் மிச்சத்தை, படுக்கைவாட்டில் திருப்புங்கள். தட்டின் மேல் ஒரு மெல்லிய மூடி இருக்கும், அதை லேசாகத் தூக்கிப் பக்கவாட்டில் சுழற்றினால் அடியில் இரண்டு ஸ்க்ரூ தெரியும். கழற்றுங்கள், தட்டு கம்பியோடு வந்துவிடும். புதியதைச் செருகி அதே இரண்டு ஸ்க்ரூவை மாட்டுங்கள். மாடியில் இருந்தால் ஜன்னல் கதவை ஒரு கயிற்றால் உள்ளே ஏதாவது கனமான பொருளோடு கட்டிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். ஸ்க்ரூடிரைவரைத் திட்டின் மேல் வைக்காதீர்கள், கீழே ஆள் நடமாட்டம் இருக்கும்.

ஆனால் புதுக் கைப்பிடி மாட்டிய பிறகும் எனக்குத் திருப்ப இறுக்கமாகவே இருந்தது. அப்போதுதான் உண்மையான காரணம் தெரிந்தது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வெறுமனே கைப்பிடியைத் திருப்பிப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு போனது. சாத்திவிட்டுத் திருப்பினால் இறுக்கம். அப்படியென்றால் கைப்பிடியிலோ பூட்டிலோ குறை இல்லை, கதவு தொங்கிவிட்டது, பூட்டு முனைகள் சட்டத்தில் இருக்கும் கொண்டிகளில் போய் இடிக்கின்றன. கீலில் இரண்டு ஸ்க்ரூ தளர்ந்திருந்தது. கீல் ஓடும் தடத்தில் தூசியும் புறாச் சிறகும் அடைத்துக் கெட்டியாகியிருந்தது. ஸ்க்ரூவை இறுக்கி, பழைய டூத்பிரஷால் சுத்தம் செய்து, சிலிகான் ஸ்ப்ரே அடித்தேன். ஒரு விரலால் திருப்பலாம் என்று ஆனது. உங்கள் கைப்பிடியும் அனேகமாக இப்படித்தான் முறிந்திருக்கும். இதைப் பார்க்காமல் புதியது மாட்டினால் அதுவும் முறியும். தேங்காய் எண்ணெய் மட்டும் விடாதீர்கள், தூசியை இழுத்துப் பிசுக்காகிவிடும்.

நான் இன்ஜினீயர் இல்லை. இந்தத் தொழில் செய்பவர்கள் வந்து "எல்லா ஜன்னலும் ஒன்றில்லை" என்று சொல்லலாம், அது உண்மைதான். கைப்பிடி எதிர்ப்பே இல்லாமல் வெறுமனே சுற்றுகிறது என்றால் உள்ளே பூட்டுப் பெட்டி போயிருக்கலாம், அதற்கு ஆள் வேண்டும். கீல் உடைந்திருந்தாலோ கண்ணாடி விரிசல் விட்டிருந்தாலோ தொடாதீர்கள். நல்ல வேலைக்காரர்களை நான் குறை சொல்லவில்லை. கழற்றிப் பார்க்காமலே விலை சொல்பவர்களைத்தான் சொல்கிறேன். எங்கள் பழைய கைப்பிடி துத்தநாகக் கலவையில் வார்த்து மேலே முலாம் பூசியது. மும்பையின் உப்புக் காற்றில் முலாம் கொப்பளித்து, கழுத்தில் பொரிந்துபோயிருந்தது. கடலை ஒட்டி இருக்கிறீர்கள் என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 316 ரகத்தில் கிடைக்குமா என்று கேளுங்கள். சாதாரணமாகக் கிடைக்கும் 304 ரகத்தை விட உப்பைத் தாங்கும்.

அப்புறம், வாடகை வீடு என்றீர்கள். மத்திய அரசு 2021 ஜூனில் ஒப்புதல் கொடுத்த மாதிரி வாடகைச் சட்டத்தின் பட்டியலில் ஜன்னல், கதவுகளின் குமிழ், பூட்டு இவற்றை மாற்றுவது வாடகைதாரர் பொறுப்பு என்றுதான் இருக்கிறது. கதவு, ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. மாநிலம் ஏற்றுக்கொண்டால்தான் அது நடைமுறை, அதனால் உங்கள் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் போட்டோ எடுத்து, ரசீதோடு வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். என் தங்கை மகன் தானேயில் வீட்டைக் காலி செய்தபோது இரண்டு ஜன்னல் கைப்பிடிக்கு டெபாசிட்டிலிருந்து 4,500 ரூபாய் பிடித்தார்கள். அவன் வருவதற்கு முன்பே ஆடிக்கொண்டிருந்த கைப்பிடிகள் அவை. போட்டோ இல்லாததால் வாயைத் திறக்க முடியவில்லை.

     

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இன்று ராத்திரி பிளேயரால் பூட்டிவிடுங்கள். நாளைக்குத் தட்டைக் கழற்றி அந்த மூன்று அளவையும் இங்கே பதிலில் எழுதுங்கள், என் கைப்பிடியோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.