தொட்டிக்கு வண்ண மீன் பிடிப்பதால் பவளப்பாறை எப்படி அழியும்?

தொட்டிக்கு நாலு மீன் பிடித்தால் கடல் குறைந்துவிடுமா என்று கேட்பது நியாயம்தான். சிக்கல் இருப்பது பிடிக்கும் முறையில்.

மண்டபம், கீழக்கரைக்கு எதிரே உள்ள தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் இருக்கின்றன. அங்கே திரியும் வண்ணத்துப்பூச்சி மீன், ஆள் நிழல் பட்டாலே இடுக்கில் புகுந்துவிடும். பொறுமை இருந்தால் கைவலையில் பிடிக்கலாம். பொறுமை இல்லாதவர் பாறையை உடைப்பார். பிலிப்பைன்ஸில் 1960களில் இன்னொரு வழி பரவியது: சயனைடைத் தண்ணீரில் கரைத்து, பிளாஸ்டிக் பாட்டிலில் அடைத்து, இடுக்குக்குள் பீய்ச்சுவது. மீன் மயங்கித் தள்ளாடி வெளியே வரும், அள்ளிக்கொள்ளலாம்.

சயனைடு, உடலின் செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாமல் செய்துவிடும். பவளமும் உயிர்தானே! அதன் சதைக்குள் வாழ்ந்து உணவு தயாரித்துத் தரும் நுண்பாசிகள் வெளியேறிவிட, பவளம் வெளுத்துச் சாகிறது. நாலு மாங்காய்க்காகக் கிளையையே வெட்டுகிற மாதிரி. அடுத்த வருஷம் காய்க்க இடமே இருக்காது.

மன்னார் வளைகுடாவின் இந்தத் தீவுப் பகுதி 1986 முதல் தேசியப் பூங்கா. பவளம், கடல் குதிரை இரண்டையும் எடுப்பது 2001 முதல் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். மண்டபத்தில் உள்ள கடல் மீன்வள ஆராய்ச்சி மையத்திலேயே கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். அப்புறம் எதற்குப் பாறையை உடைக்க வேண்டும்?

அதற்காக வீட்டில் தொட்டியே வைக்கக் கூடாது என்று நினைக்க வேண்டாம். கடைகளில் பார்க்கும் தங்கமீன், கப்பி எல்லாம் பண்ணையில் வளரும் நன்னீர் மீன்கள், பவளப்பாறையில் பிடித்தவை அல்ல.