பிட்காயின் நோடு ஏன் இவ்வளவு டேட்டா தின்கிறது? – கேள்வி பதில்

கே: பத்து நிமிஷத்துக்கு ஒரு பிளாக் (பரிவர்த்தனைகளின் தொகுப்பு), இரண்டு எம்பி என்று வைத்தாலும் ஒரு நாளுக்கு 300 எம்பி தாண்டாதே சார்? என் ரவுட்டர் மாதத்துக்குப் பல நூறு ஜிபி அப்லோடு காட்டுகிறது.

ப: நீங்கள் போட்டது வாங்கும் கணக்கு. கொடுக்கும் கணக்கு வேறு. புதிதாக நோடு (பிட்காயின் கணக்கேட்டை வைத்துச் சரிபார்க்கும் கணினி) போடுகிறவர்கள் 2009 முதலான பிளாக்குகளை உங்களிடமிருந்துதான் இறக்குகிறார்கள். கான்ஃபிக் ஃபைலில் ‘மேக்ஸ்அப்லோடுடார்கெட்’ என்பதை 5000 ஆக்குங்கள். 24 மணி நேரத்துக்குச் சுமார் 5 ஜிபி. அதை நெருங்கியதும் ஒரு வாரத்துக்கு முந்தைய பிளாக் கேட்பவர்களை நோடு கழற்றிவிடும். புது பிளாக் தடைபடாது.

கே: அதற்குப் பதில் ‘பிளாக்ஸ்ஒன்லி’ (பிளாக் மட்டும் வாங்கு, தனிப் பரிவர்த்தனை வேண்டாம் என்ற அமைப்பு) போட்டால் போதாதா அண்ணா?

ப: டேட்டா குறையும். ஆனால் மெம்பூல் (பிளாக்கில் சேரக் காத்திருக்கும் பரிவர்த்தனைகளின் இருப்பு) காலியாகக் கிடக்கும். கட்டண மதிப்பீடும் போச்சு, காம்பாக்ட் பிளாக்கும் போச்சு. வாலெட்டை அதே நோடில் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

கே: காம்பாக்ட் பிளாக்கில் அப்படி என்ன மிச்சம்?

ப: பிஐபி (பிட்காயின் மேம்பாட்டு முன்மொழிவு) 152. 2016-இல் கோர் (நோடை ஓட்டும் மென்பொருள்) 0.13-உடன் வந்தது. 80 பைட் ஹெடர், பரிவர்த்தனை ஒன்றுக்கு 6 பைட் குறு அடையாளம், கிட்டத்தட்ட அவ்வளவுதான் அனுப்புவது. 2500 பரிவர்த்தனை உள்ள பிளாக் 15 கேபி சொச்சத்தில் முடிந்துவிடும். மீதியை உங்கள் மெம்பூலிலிருந்தே எடுத்துக் கோத்துக்கொள்ளும். இல்லாததைக் கேட்டு வாங்க ஒருமுறை போய்வர வேண்டும், தாமதம் அங்கேதான்.

கே: என் லாகில் (நோடின் பதிவுக் கோப்பு) பார்த்தால் ஒவ்வொரு பிளாக்குக்கும் நூற்றுக்கணக்கில் பரிவர்த்தனைகளைக் கேட்டு வாங்குகிறதே? மெம்பூல் 300 எம்பி, குறைக்கவே இல்லை.

ப: அளவில் கோளாறு இல்லை, கட்டணக் கீழ்வரம்பில் இருக்கும். 2025-இல் மைனர்கள் ஒரு விபைட்டுக்கு (பரிவர்த்தனை அளவின் அலகு) 1 சடோஷிக்கும் (பிட்காயினின் மிகச் சிறிய அலகு) குறைவான கட்டணம் உள்ள பரிவர்த்தனைகளைச் சேர்க்கத் தொடங்கினார்கள். பழைய கோர் அவற்றை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். பிறகு பிளாக்கில் பார்த்ததும் கேட்டு ஓடும். கோர் 29.1-இல் வரம்பு 0.1 ஆனது. அப்டேட் செய்தும் சரியாகவில்லையா? கான்ஃபிக்கில் ‘மின்ரிலேடிஎக்ஸ்ஃபீ’ 0.00001 என்ற பழைய வரி கிடக்கும் (பழைய 1 சடோஷி வரம்புதான் அது). அதை அழித்துவிட்டு நோடை மறுபடி தொடங்குங்கள். மெம்பூல் நிரம்பச் சில மணி நேரம் ஆகும். உடனே லாகைப் பார்த்துப் பதறாதீர்கள்.

கே: எர்லே (பரிவர்த்தனைத் தகவலைக் குறைந்த டேட்டாவில் பரப்பும் முறை) வந்தால் மற்ற நோடுகளுடனான இணைப்பைக் கூட்டலாமா?

ப: அதற்காகத்தான் அது. இப்போது ஒரே பரிவர்த்தனையின் 32 பைட் ஹாஷ் (அடையாள எண்) ஏறக்குறைய எல்லா இணைப்பிலும் ஒருமுறை போகிறது. எர்லேயில் (பிஐபி 330) இரு நோடுகளும் தத்தம் பட்டியலின் சிறு ‘ஸ்கெட்ச்’ (சுருக்கம்) ஒப்பிட்டு வித்தியாசத்தை மட்டும் கண்டுபிடிக்கும். ஸ்கெட்சின் அளவு வித்தியாசத்தைப் பொறுத்தது, பட்டியலின் நீளத்தை அல்ல. 2019 ஆய்வுக்கட்டுரை சொன்ன மிச்சம் சுமார் 40%. கோர் 29-லும் கைகுலுக்கும் பகுதி (எர்லே தெரியும் என்று இரு நோடுகளும் சொல்லிக்கொள்வது) மட்டுமே உள்ளது. முழுதாக வரும்வரை வெளிச்செல்லும் 8 முழு இணைப்பே போதும்.